ஒன்பதாம் அறைக்கு ஐந்து வினாடி

“யாரும்மா இந்த மகாராஜா?”

மேனேஜரின் விரல் திரையில் ஒரு வரியின் மேல் நின்றது.

கமாண்டம்மாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் கட்டளை தட்டியே எல்லா வேலையையும் முடிப்பவள் என்பதால் ஆபீஸ் வைத்த பேர் அது. பெரிய ஆஸ்பத்திரியும் எதிர்ச்சாரியில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியும் இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரே நிர்வாகம் ஆகின்றன. இரண்டிலும் நோயாளி பெல்லுக்கான செட்டிங்ஸ் ஃபைல் தனித்தனி. அதற்குள் இரண்டையும் ஒன்றாக இணைத்து ஏற்ற வேண்டும்; ஏற்கெனவே இரண்டு முறை தோற்றுவிட்டாள். இரண்டாம் முறை பெரிய கட்டடத்தில் பத்து நிமிஷம் ஒரு பெல்லும் அடிக்கவில்லை.

“மூணாவது தடவையும் சொதப்பினா வெளி ஆள்கிட்ட குடுத்துடுவேன்” என்று சொல்லியிருந்தார் மேனேஜர்.

இன்று ஒரே கட்டளை. நானூற்றுப் பன்னிரண்டு வரி, ஒரு பிழை இல்லை. நாற்காலி மேல் ஏறி விசில் அடிக்கலாம் போலிருந்தது. அப்போதுதான் இந்த விரல்.

“பெல் அழுத்தி நாப்பத்தஞ்சு வினாடியில நர்ஸ் போகலைன்னா மாடி முழுக்க அலாரம் கத்தணும். எல்லா ரூமுக்கும் அதான். சின்ன ஆஸ்பத்திரி ஒன்பதாம் ரூமுக்கு மட்டும் அஞ்சு வினாடியா?”

“ரெண்டு ஃபைல்லயும் இருக்கற வரின்னா கடைசியா குடுத்த ஃபைல் சொல்றதுதான் நிக்கும் சார். நம்மளதைத்தான் கடைசியா குடுத்தேன். இந்த வரி நம்மகிட்ட இல்லவே இல்ல. எதிர்க்க ஆளில்லன்னதும் ஜம்முனு வந்து உக்காந்துடுச்சு.”

“டிக்கெட் எடுக்காம ஜன்னல் சீட்டு! எல்லாம் அந்தச் சின்ன ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் வேலை. வேண்டப்பட்டவங்களுக்கு ராஜ மரியாதை. நீ போய் விசாரிச்சு எழுதிக் குடு. இன்னைக்கே அவங்க சீட்டு கிழியும். வரியையும் அழிச்சிடு.”

கமாண்டம்மா பெல் பதிவைத் திறந்தாள். ஒன்பதாம் ரூமிலிருந்து நேற்று மட்டும் முப்பத்தேழு தடவை! அவளுக்குச் சுரீர் என்றது. போன வருஷம் அக்கா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, பெல்லை அழுத்தி அழுத்தி இவள் கட்டைவிரல்தான் தேய்ந்தது.

லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

தலைமை நர்ஸ் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஒன்பதாம் ரூமுக்கு அஞ்சு வினாடி போட்டது யாரு சிஸ்டர்?”

“நான்தான். ஏழு வருஷமாச்சு.”

“நேத்து முப்பத்தேழு தடவை பெல். அப்படி என்னதான் கேக்கறாரு உங்க வி.ஐ.பி.?”

“மணி என்னன்னு கேப்பாரு. வெளியில மழையான்னு கேப்பாரு. நேத்து ஒரு தடவை, ‘சிஸ்டர், நீங்க சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டாரு.”

“இதுக்கெல்லாமா ஓடறீங்க?”

“விழுந்தடிச்சு ஓடறோம். வாங்க, நீங்களே பாருங்க.”

வழியில் எல்லா அறையிலும் கூட்டம். ஒரு கட்டிலருகே தங்கை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் புருஷன் உட்கார்ந்தபடியே குறட்டை. வேறொன்றில் இரண்டு பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து விளையாடின.

ஒன்பதாம் அறையில் சத்தமே இல்லை. இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு ஒருவர் படுத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் ஆஸ்பத்திரிப் போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. மேஜையில் ஆஸ்பத்திரித் தண்ணீர் ஜாடி. வேறு ஒரு பொருள் கிடையாது.

“டாக்டரம்மாவா?” என்றார் அவர்.

“இல்லீங்க. பெல் ரிப்பேர்.”

“பெல்லுக்கு என்ன, தங்கமா இருக்கு! கையெடுக்கறதுக்குள்ள ஆள் வந்துடறாங்க.” தன் சொந்த பெல்லைப் போலப் பெருமையாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். “லாரி டிரைவர். வந்து இருபது நாளாச்சு. தகவல் சொல்லக்கூட ஒரு நம்பர் இல்லைன்னுட்டாரு. போன மாசம் இதே கட்டில்ல ஒரு டைலரம்மா. அவங்களும் இப்படித்தான். என்மேல எழுதிக் குடுக்கறதுன்னா தாராளமா குடுங்க. அந்த வரியை மட்டும் அழிச்சிடாதீங்கம்மா.”

போன் அடித்தது. மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

“அழிச்சாச்சா?” மேனேஜர்.

கமாண்டம்மா வராந்தாத் தரையிலேயே சம்மணம் போட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

“இல்ல சார். நம்ம கட்டடத்துலயும் ஒரு ரூம் நம்பர் சொல்லுங்க. அதுக்கும் அஞ்சு வினாடி போட்டு, சேத்தே ஏத்திடறேன்.”

“விளையாடறியா? அங்க வந்து படுக்கப்போற அவ்வளவு பெரிய ஆளு யாரும்மா?”

“பாக்க வர ஒரு ஆளு கூட இல்லாதவங்க சார்!”

வராந்தா முழுக்கக் கேட்டது.

போனில் தாள் புரளும் சத்தம். பதினொன்று ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு.

“பதினாறு,” என்றார் மேனேஜர். “நர்ஸ் மேஜைக்கு நேர் எதிர்ல இருக்கு.”

அவள் தட்டத் தொடங்கினாள்.

“ஏம்மா... அஞ்சு எதுக்கு? ரெண்டு ரூமுக்கும் மூணு போடு.”