காயாத நிலவறை

ஓல்டன் நகரில் தவச்செல்வன் குடும்பம் வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்கு முந்நூறு வயதாம். நிலவறைக் கூரையில் ஈரம். மேலே எவ்வளவு சூடேற்றினாலும் கால் விறைத்தது.

"இந்தக் குளிர்காலத்துக்குள் காயாவிட்டால் வீட்டையே இடித்துவிடுவேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

தவச்செல்வன் இடிந்துபோனான். மனைவி பிரசாந்தினி மட்டும் கலங்கவில்லை. "யோசியாதேங்கோ. பிள்ளையாரிட்டைச் சொல்லிப்போட்டன்."

ஈரம் பார்க்கும் நிபுணர் பிஸ்டர், கூரையில் பதித்த வெப்பக்காப்புப் பஞ்சை இரண்டாம் முறையாகப் பிரித்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"சுவர் காய்ந்துவிட்டது. குழாயிலும் ஒழுக்கில்லை. ஆனால் ஈரம் முன்பைவிடக் கூடியிருக்கிறதே!"

ஒரு துளியை முகர்ந்தார். நாக்கில் வைத்தார். கண்கள் விரிந்தன.

"பால்! தேனும் இருக்கிறது! இப்படி ஓர் ஊற்றை நான் கண்டதேயில்லை!"

தவச்செல்வன் கூரையைப் பார்த்தான். அதற்கு நேர்மேலே சாமியறை. படிகளில் பாய்ந்து ஏறினான்.

"பிரசா, என்ன செய்யிறீர்?"

"ஈரம் காயவேணுமெண்டு நேத்திக்கடன் வைச்சிருக்கிறன். ஒவ்வொரு நாளும் பிள்ளையாருக்குப் பால், தேன், தண்ணி அபிஷேகம். ஈரம் கூடக் கூட நானும் குடத்தைக் கூட்டினன். எல்லாம் தரைப் பலகை இடுக்காலை கீழை போயிடும், துடைக்கிற வேலையே இல்லை."

"ஐயோ, அதுதானப்பா ஈரம்! உடனை நிப்பாட்டும்!"

"நேத்தியை இடையிலை நிப்பாட்டலாமோ? ஈரம் காயட்டும், அடுத்த நாளே நிப்பாட்டுறன்."

சொல்லிக்கொண்டே அடுத்த குடத்தைப் பிள்ளையார் தலையில் கவிழ்த்தாள்.

கீழேயிருந்து பிஸ்டர் ஆனந்தமாய்க் கூவினார்: "மறுபடியும் ஊறுகிறது!"