லாரிக்குப் பின்னால் முதல் கார்

பனிப்புயலில் கரண்ட் போய், செல்போன் கோபுரமும் செத்து, நார்வேயின் அந்த மலையடிவார ஊரே மதியத்தில் இருண்டு கிடந்தது. ஹால்வோருக்கு மட்டும் மூளைக்குள் விளக்கெரிந்தது. பெட்ரோல் பங்க் ஓரமாக ஒரு பழைய சிவப்பு கார் நின்றது. பனி வாருகிறவர்கள் நகர்த்திக்கொள்ளட்டும் என்று சாவியை வண்டியிலேயே விட்டுப்போவது அந்த ஊர் வழக்கம். ஏறிக் கிளப்பினான். இனி யார் கத்தினாலும் போலீசுக்குப் போன் போகாது.

அவன் திருட்டை விட்டு ஒரு வருஷமாகிறது. கைராசி பார்த்துத் திருட்டுதான் அவனை விட்டது என்பதே சரி. கடைசியாகத் திருடிய கார், பெட்ரோல் தீர்ந்து போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றுவிட்டது.

நாளை பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள், மலைக்கு அந்தப் பக்கம். ஒழுங்காக இருந்தால் மட்டும் வா என்று மகள் இங்கெர் கறாராகச் சொல்லியிருந்தாள். பாவம், ஒழுங்காக பஸ் டிக்கெட்தான் வாங்கியிருந்தான். புயலால் பஸ் ரத்து.

மலைப்பாதையின் கேட் மூடியிருந்தது. பனி தள்ளும் லாரி முன்னால் போக, கார்கள் அதன் பின்னால் வரிசையாகத்தான் போக வேண்டுமாம். முந்தவும் முடியாது, திரும்பவும் முடியாது. தப்பி ஓட நல்ல வழி பார்த்தாயடா என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

லாரிக்காரர் ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு வந்தார். இவன் காரைச் சற்று அதிக நேரம் பார்த்தார். ஹால்வோர் கண்ணாடியை இறக்கினான்.

"எங்கப்பா போறே?"

"மக வீட்டுக்குண்ணே. நாளைக்குப் பேத்திக்குப் பேர் வைக்கிறாங்க."

எப்போதாவது உண்மை பேசினால் இப்படித்தான், நாக்கு குழறியது. லாரிக்காரர் யோசித்தார்.

"சரி, என் லாரிக்குப் பின்னாடி முதல் வண்டியா வா. ஏத்தத்துல இடது பக்கம் இழுக்கும். ஸ்டியரிங்கைக் கெட்டியாப் பிடிச்சுக்க."

சொன்னபடியே ஏற்றத்தில் கார் இடது பக்கம் இழுத்தது. காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்பதுகூட மனுஷனுக்கு அத்துப்படி. தொழில் தெரிந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும், நானும் இருக்கிறேனே என்று ஹால்வோர் நொந்துகொண்டான். முன்னால் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதை நம்பி, நல்ல பிள்ளையாகப் பின்னாலேயே போனான். இந்த முறை மாட்டினால் இங்கெர் வாசற்படி ஏற விடமாட்டாள். பேத்தியின் முகத்தைப் பார்க்காமலே செத்துப்போக வேண்டியதுதான்.

அந்தப் பக்கம் கரண்ட் இருந்தது. ஊர் விளக்குகளைப் பார்த்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கேட்டைத் தாண்டியதும் லாரிக்காரர் இறங்கி வந்து, பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு கையை நீட்டினார். ஹால்வோர் நெகிழ்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அவர் கையை விடுவித்துக்கொண்டு மறுபடி நீட்டினார்.

"பேத்தின்னு சொன்னியேன்னுதான் வயர்லெஸ்ல போலீசைக் கூப்பிடலை. சாவியைக் குடுத்துட்டு நடந்து போ. எனக்கு டியூட்டி இந்தப் பக்கம் முடியுது, பஸ்ஸும் கிடையாது, என் காரை யார் மலை தாண்டிக் கொண்டாந்து விடுவாங்கன்னு காலையிலேர்ந்து கவலைப்பட்டுக்கிட்டிருந்தேன்."