கயிற்றின் அந்தப் பக்கம்

மாரிசெல்வி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். அவளைப் பார்த்து மற்ற அம்மாமார்களும் கழற்றினார்கள்.

பிறகு எல்லாருமாகப் போய்க் கொடிக்கம்பத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தார்கள்.

வெளியூர் டீச்சர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள். வேண்டுதலும் இல்லை, ஒன்றும் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கட்டும் என்று வாசல் தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கை. இரும்பைக் கண்டால் தானாகவே போய்விடுகிறது.

எதிரே நின்ற கம்பெனி ஆண்களும் ஒவ்வொருவராகப் போய் அதே கம்பத்தைத் தொட்டார்கள். மைதானமே சிரித்தது.

எம். புதுப்பட்டிப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றின் விளையாட்டு விழா அது. கடைசிப் போட்டி, கயிறு இழுத்தல். காலையில் தாளில் போட்ட நிகழ்ச்சிகளில் அது கிடையாது.

தலைமையாசிரியை சிஸ்டர் இசபெல், திருச்சபையின் சமூகப் போதனையைப் படித்துவிட்டு மூடி வைக்கிற ஆள் இல்லை. மாதம் ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை அதன்படி நடக்கவைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ‘பகிர்வு’ எழுதிய மாதத்தில் எந்தப் பென்சில் யாருடையது என்று யாருக்குமே தெரியாமல் போனது. இந்த மாதச் சொல் ‘தோழமை’.

சிறப்பு விருந்தினராக வந்த கம்பெனி முதலாளி சீனிவாசகம் அந்தச் சொல்லை மைக்கில் புகழோ புகழென்று புகழ்ந்தார். சிஸ்டர் விடவில்லை. மாதம் ஒரு மதியம் பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குச் சம்பளம் பிடிக்காமல் லீவு விட்டால் என்ன என்று அதே மைக்கை வாங்கிக் கேட்டுவிட்டார்.

முதலாளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“எங்க ஆம்பளையாளுகளோட கயிறு இழுத்து, இந்தப் பொம்பளைக ஜெயிக்கட்டும் சிஸ்டர். அடுத்த மாசமே விட்டுர்றேன்.”

ஊரே கேட்கச் சொன்ன சொல். ஆகவே ஆட்களை அவரே பொறுக்கி நிறுத்தினார். வரிசையின் கடைசியில் மலை மாதிரி நின்றவர் போர்மேன் கருப்பணன். மாரிசெல்வி கொஞ்சம் பிந்தி வந்தால் போதும், காடு கேட்க ஏசுகிறவர். ஏசுவதைத் தவிர அவர் வேறு வேலை செய்து அவள் பார்த்ததில்லை.

அவள் மகள் அழகுமீனா மூன்றாம் வகுப்பு. இதுவரை ஒரு கூட்டத்துக்கும் மாரிசெல்வி போனதில்லை. அரை நாள் கூலியை விட்டால் அந்த வாரம் வீட்டில் எதையாவது நிறுத்த வேண்டும். கூட்டத்தன்று பிள்ளை வீட்டுக்கு வந்து எதுவும் கேட்காது. அது கேட்காமல் இருப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நடுவராக நின்ற சிஸ்டர் விசில் ஊதினார்.

கயிறு லேசில் நகரவில்லை. லாரியில் லோடு கட்டுகிற முரட்டுக் கயிறு, பெண்களின் கைக்குள் வழுக்கி வழுக்கித் தோலை உரித்தது.

“இழுங்கலே! விடாதீகலே!” என்று கருப்பணன் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பிவிட்டன. அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

“யம்மா, இழும்மா!”

அழகுமீனாவின் குரல் அது. மாரிசெல்விக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ. பல்லைக் கடித்து மல்லாக்கச் சாய்ந்தாள். அவளோடு அத்தனை பேரும் சாய்ந்தார்கள்.

எதிர்ப்பக்கத்துக் கால்கள் மண்ணைச் சீவிக்கொண்டு வந்தன. ஒரு முழம். இன்னொரு முழம். கோட்டைத் தாண்டி ஆண்கள் மொத்தமாகக் குப்புற விழுந்தார்கள்.

பிள்ளைகள் வேலியை உடைக்காத குறையாக ஓடிவந்தன. சிஸ்டர் சிறுபிள்ளை போலக் குதித்தார். அழகுமீனா அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. வாழ்நாளில் இப்படி ஒரு சந்தோஷம் மாரிசெல்விக்கு வந்ததில்லை. புழுதியோடு உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள்.

கன்றிச் சிவந்த உள்ளங்கைகளுக்கு டீச்சர்கள் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்கள். தடவிக்கொண்டதும் மாரிசெல்வி கிண்ணத்தோடு தோற்றவர்கள் பக்கம் போனாள். அவர்களுக்கும் வலிக்கும்தானே. சும்மா சொல்லக் கூடாது, போர்மேனின் முகத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கும் ஆசையும் இருந்தது.

கருப்பணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கேட்டும் நீட்டவில்லை.

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

பேனா பிடிக்கிற மெத்தென்ற கை. அதில் ஒரு கீறல் இல்லை, ஒரு சிவப்பு இல்லை.

பக்கத்து ஆளின் கையைப் பார்த்தாள். அதற்கடுத்த ஆளின் கையைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு சிவப்பு இல்லை. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“சத்தம் போடாத தாயி,” என்றார் கருப்பணன். அத்தனை மெதுவாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. “எம்மவன் ஒன்னாப்பு. அவன் டீச்சர் யாருன்னே எனக்குத் தெரியாது.”

முதலில் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மறு நொடியே சிரிப்பு வந்தது. அதற்குள் முதலாளி, தன் ஆட்களுக்குக் கைகொடுத்து ஆறுதல் சொல்ல மைதானத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

மாரிசெல்வி கீழே கிடந்த கயிற்றை எடுத்தாள். கருப்பணனின் கைக்குள் வைத்து, விரல்களை மூடி, வெடுக்கென்று உருவினாள்.

“ஆத்தாடி!”

முதலாளி அந்தக் கையைப் புரட்டிப் பார்த்தார். நடுவில் செக்கச்செவேலென்று ஒரு கோடு.

“விடுங்க கருப்பணன். நீங்களும் உசுரக் குடுத்துத்தான் இழுத்திருக்கீக. சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

முதலாளியின் முதுகுக்குப் பின்னால் கயிறு அடுத்த ஆளின் கைக்குப் போனது. அங்கிருந்து அதற்கடுத்த கைக்கு.

நடுவர் சிஸ்டர் இசபெல், விசிலை வாயில் வைத்துக்கொண்டு வேப்பமரத்துக்குத் திரும்பிவிட்ட காக்கைகளைப் பார்த்தபடி நின்றார்.