முகம் காட்டாத பார்ட்டி

உத்தரத்து மூலையில உக்காந்தபடியே ஆர்டருக்கு வலை பின்னிக் கொடுத்துப் பொழச்சுது ஒரு சிலந்தி. பார்ட்டிங்களை நேர்ல பார்த்ததே கிடையாது, குரல் மட்டும்தான் வரும். கொஞ்ச நாளா அதுவும் வரல. வயிறு காய்ஞ்சு கிடந்துச்சு.

அப்போ கீழே டியூப்லைட்டுக்குப் பின்னால இருந்து ஒரு குரல்: "தம்பி, வருஷம் பூரா வேலை இருக்கு. சாம்பிளோட வந்துட்டுப் போ."

"இங்கிருந்தே அனுப்புறேங்க."

"நேர்ல பார்த்தாத்தான் நமக்குத் திருப்தி."

"அப்போ நீங்க மூஞ்சியக் காட்டுங்களேன்."

"நமக்குக் கூச்ச சுபாவம்பா."

சிலந்திக்கு உறுத்துச்சு. ஆனாலும் பசி விடல. நூலைப் புடிச்சுக் கொஞ்சம் இறங்குச்சு.

"வந்தா எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"சத்தியமா ஆகாது"ன்ன குரல், பழக்கதோஷத்துல கூடவே "ச்சு ச்சு ச்சு"ன்னுச்சு.

சிலந்தி அப்படியே நின்னுச்சு.

"பல்லியே சொல்லிடுச்சு, அப்புறம் சந்தேகம் எதுக்கு"ன்னுட்டு வந்த நூல்லயே மேல ஏறிடுச்சு.