திரும்பி வந்த ஆல்டர்த்வெயிட்

"இந்த ஊர்ல ஆல்டர்த்வெயிட் குடும்பம் எந்த வீடு?"

பப்புக்குள் நுழைந்ததுமே அந்த அம்மாள் கேட்டாள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவள். கையில் பூங்கொத்து. பெயர் லோர்னா ஆல்டர்த்வெயிட். இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயரும் ஆல்டர்த்வெயிட்தான்.

"அந்தப் பேர்ல இங்க ஒரு ஆள்கூட இல்லையேம்மா," என்றேன். "ஆல்டர் மரக்காட்டை வெட்டித் திருத்துன இடம்னு அர்த்தம். இங்கயே கிடந்தவனுக்கு அது எதுக்கு? ஊரை விட்டுப் போனவனைத்தான் வெளியில அப்படிக் கூப்பிட்டாங்க. அதுவே பேரா ஒட்டிக்கிச்சு."

லோர்னாவின் முகம் வாடிவிட்டது.

"அப்பாவும் போயிட்டார். இந்தப் பேர்ல இனி நான் ஒருத்திதான். இங்கயாவது யாராவது இருப்பாங்கன்னு வந்தேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஒருத்தன் மட்டும் திரும்பி வந்தான். லண்டன்லேர்ந்து நடந்தே வந்தான், தோள்ல ஒரு பன்றிக்குட்டியோட. ஊர் எல்லைக்கு வர்றதுக்குள்ள குட்டி வளர்ந்து அவனைச் சுமந்துக்கிட்டு வந்துச்சு. சர்ச்சுக்குப் பின்னால, யூ மரத்தடியில எழுத்து அழிஞ்ச கல்லறைக் கல் ஒண்ணு இருக்கும் பாருங்க. அவன்தான்."

அவள் பூங்கொத்தோடு ஓடினாள்.

பப் நடத்தும் டோரீன், துடைத்துக்கொண்டிருந்த கிளாஸை டொக்கென்று வைத்தாள்.

"உனக்கு வாய் கூசாதா பெர்சி? அது யார் கல்லுன்னு யாருக்குமே தெரியாது."

"அதுதானே சவுகரியம்."

"போன வருஷம் கனடாக்காரருக்கும் அதே கல். அதுக்கு முன்னாடி நியூசிலாந்து டீச்சருக்கும் அதே கல். பொய்யைக்கூட மாத்திச் சொல்லத் துப்பில்லை. அந்தம்மா வரட்டும், உண்மையைச் சொல்லிடறேன்."

அரை மணி கழித்து லோர்னா வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் பூங்கொத்து இல்லை. ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது.

"கல்லுக்குப் பின்னாடி இருந்துச்சு. உள்ள ஏழு கடிதாசி. எல்லாரும் எங்க பேர்க்காரங்க. கனடாவிலேர்ந்து ஒருத்தர், 'அடுத்து வர்ற சொந்தம் எனக்கு எழுதணும்'னு முகவரி வச்சிருக்கார்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒரு பேனா கிடைக்குமா?"

டோரீன் டப்பாவைப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் சமையலறையில் காணாமல் போன டப்பா. அப்புறம் என்னைப் பார்த்தாள். பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

லோர்னா மூலை மேஜையில் எழுத உட்கார்ந்ததும், மெதுவாகச் சொன்னேன்:

"ஆளுக்கொரு கல்லைக் காட்டியிருந்தா, இவங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கண்டுபிடிப்பாங்க டோரீன்?"