காலிக் கட்டம்

அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது. நெட்டையன் வாங்கி வந்த டீ, தொடாமலேயே ஆறிப்போனது.

ஊழியர் விடுதியில் அறை ஒதுக்க, திருமணமாகாதவர்களின் பட்டியலைக் கேட்டிருந்தார் மேனேஜர். அதை டேட்டாபேஸிலிருந்து எடுத்ததும், அந்த டேட்டாபேஸைப் பராமரிக்கும் மேடத்தின் பெயரைத்தான் நெட்டையன் முதலில் தேடினான். இல்லை. கீழிருந்து மேலாகத் தேடினான். அப்போதும் இல்லை.

"என்னய்யா லிஸ்ட் இது?" மேனேஜர் காகிதத்தை ஆட்டினார். "பாதிப் பேரைக் காணோம். உன் பேரே இல்லையே! எங்களுக்கெல்லாம் சொல்லாமலே கல்யாணத்தை முடிச்சிட்டியா? இப்படியே அனுப்பினா, நாளைக்கு எல்லாரும் பெட்டியோட வாசல்ல நிப்பாங்க."

வேறு வழியில்லை. மேடத்தின் மேசைக்கே போனான்.

பட்டியலை எடுக்க அவன் எழுதிய கட்டளையைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"'திருமணமானவர்' இல்லாதவங்களைக் காட்டுன்னு கேட்டிருக்கீங்க. வேலைக்குச் சேரும்போது அந்தக் கட்டத்தைக் காலியா விட்டவங்க இதுல வரமாட்டாங்க."

"காலின்னா ஆகலைன்னுதானே மேடம் அர்த்தம்?"

"டேட்டாபேஸுக்குக் காலின்னா 'தெரியாது'. ஆச்சான்னு கேட்டாலும் அந்தப் பேர் வராது, ஆகலையான்னு கேட்டாலும் வராது. காலியா இருக்கான்னு தனியா கேக்கணும். அதுக்குப் பேரு 'நல்'."

"பேரு நல்லாத்தான் இருக்கு."

"கடி ஜோக்கு அப்புறம். 'அல்லது'ங்கறதுக்கு 'ஆர்' போட்டு, 'இஸ் நல்'னு சேருங்க."

சேர்த்தான். திரையில் பெயர்கள் மளமளவென்று இறங்கின. அவன் பெயர் வந்தது. அதற்கு நாலு பெயர் தள்ளி, அவள் பெயரும் வந்தது.

"உடனே துள்ளாதீங்க. இவங்கள்ல கல்யாணம் ஆனவங்களும் இருக்கலாம். ஒவ்வொருத்தர்கிட்டயும் வாயைத் திறந்து கேட்டாத்தான் உண்டு."

நெட்டையன் மேசையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்தான், திறந்தான், மூடினான்.

"அப்போ... லிஸ்ட்டுக்காகத்தான் கேக்கறேன் மேடம்... உங்களுக்கு?"

"ஆகலை."

"எனக்கும்..." என்று ஆரம்பித்தான்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"தெரியும். போன மாசமே விசாரிச்சிட்டேன்."