மேலட்டையில் ஒரு வரி

நவம்பர் 12, புதன்.

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை. எங்கள் பதிப்பகத்தின் மேல் வழக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். வந்தது வக்கீல் நோட்டீஸ்தான். இரண்டும் வேறு என்று கலூர் மாலைச் சட்ட வகுப்பில் சொல்லித்தான் தந்தார்கள். பயத்தில் மறந்துவிட்டேன்.

குடியை விட வழி சொல்லும் புத்தகம் ஒன்றைப் பற்றிய நோட்டீஸ் அது. நாணு சேட்டன் மலையாளத்தில் எழுதியது, தமிழிலும் போட்டோம். மேலட்டையில், "இதைப் படித்த எவரும் மறுபடி குடித்ததில்லை" என்று ஒரு வரி. அதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஆதாரம் இல்லை. நாணு சேட்டன் யாரையும் விசாரித்ததே இல்லை.

இன்று மட்டாஞ்சேரியில் எங்கள் புத்தகக் கடையைத் திறந்ததும் ஒரு பெண் உள்ளே வந்து அதே புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"இதை அச்சடிச்சது யாரு?"

பதிப்பாளர் வெங்கிடேஸ்வரன் நோட்டீஸைச் செய்தித்தாளால் மூடினார். "நான்தான். என்ன வேணும்?"

"என் பேரு பாண்டிச்செல்வி. வீட்டுக்காரர் ரமேஷ்பாபு இங்க பஜார்லதான் லோடு இறக்குறாரு. வேலை முடிஞ்சா நேரா பெவ்கோ பிராந்திக்கடை வரிசைலதான் நிப்பாரு. எங்க ஊருலன்னா நாலு பேரு தட்டிக் கேப்பாங்க. இவரு இங்கனயே பொறந்து, இங்கனயே படிச்சவரு. நான் யாருகிட்டப் போவேன்? அட்டையில போட்டிருக்கிறத நம்பித்தான் வாங்குனேன். என் குடும்பமே இதுலதான் தொங்குது, சாமி."

வெங்கிடேஸ்வரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "எழுதறவனுக்குக் கருத்துச் சுதந்திரம்னு ஒண்ணு உண்டு, அம்மா."

"கருத்துக்குத்தான் சார் உண்டு," என்றேன். "பொய்னு தெரிஞ்சே, இப்படித்தான் நடந்ததுன்னு போட்டு வித்தா கிடையாது." சொன்ன பிறகு, சும்மா இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

"விச்சு, நீ சாயங்காலம் படிக்கப் போறது என்னை உள்ளே தள்ளவாடா?"

நான் பாண்டிச்செல்வியிடம் திரும்பினேன். "அக்கா, அந்த வரி உண்மையில்ல. பணத்தைத் திருப்பித் தந்துடறோம்."

"பணம் யாருக்கு வேணும்? குடிக்கக் கிளம்புறதுக்கு முன்னால ஒரு அத்தியாயம் படிக்கணும்னு உள்ள போட்டிருக்கு. முடிக்காம எந்திரிக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காரு. தினமும் அப்படித்தான் படிக்காரு. நாளைக்குக் கடைசி அத்தியாயம். அதுக்குப் பெறகு நான் என்ன செய்ய?"

வெங்கிடேஸ்வரன் சமாதானத்துக்கு இறங்கினார். "இங்கே படிச்சவன்தானே? மலையாளப் புஸ்தகம் ஒண்ணு சும்மா தரேன், கொண்டுபோய்க் கொடு. விறுவிறுன்னு வாசிச்சுடுவான்."

அவர் நீட்டிய புத்தகத்தை அந்தப் பெண் இரண்டு கையாலும் தள்ளினார். "ஐயோ, அது மட்டும் வேண்டாம் சாமி! தமிழ்லயே இதைவிடத் தடியா இருந்தா குடுங்க."

"ஒண்ணுக்கும் உதவாத புஸ்தகம்னு இவனே சொல்றான். இன்னொண்ணு எதுக்கு?"

"உதவலன்னு யாரு சொன்னா? தீபாவளிக்குக்கூட ஒரு சொட்டு தொடலியே!"

வகுப்பில் இதற்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. "அப்ப அதுல எழுதினது நிஜமா வேலை செய்யுதா, அக்கா?"

"எழுதினதுல என்ன இருக்கு? அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், தம்பி. எழுத்துக் கூட்டி அத்தியாயத்தை முடிக்கிறதுக்குள்ள பெவ்கோவ அடைச்சிருதாங்க."

நாளைய வேலை: மீதிப் பிரதிகளின் மேலட்டையில் அந்த வரியை மறைத்துத் தாள் ஒட்டுவது. அதற்கு முன், பாண்டிச்செல்விக்கு நீளமான அத்தியாயங்கள் உள்ள தமிழ்ப் புத்தகம் ஒன்று தேடுவது.